கீல் பக்கத்து வெளிச்சம்

ஜனவரி 11

பெங்களூர்ப் பையனின் கேமராவை இன்று கூரியரில் அனுப்பினேன். 'படத்தில் பேய் மாதிரி வெள்ளையா வருது' என்று எழுதியிருந்தான். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. நாற்பது வருஷத்துப் பஞ்சு இற்றுப்போய்ப் பின்மூடி வழியாக வெளிச்சம் ஒழுகுகிறது, அவ்வளவுதான். பிலிம் தொழில் செத்தபிறகு பிறந்த பிள்ளைகள். பரணில் கிடந்ததை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களால்தான் எனக்குச் சோறு, குறை சொல்லக் கூடாது.

சிவகாசி அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் பெரிய கேமராவில் அச்சுக்கு நெகட்டிவ் எடுத்தவன் நான். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தப் பெரிய கேமராவை எடைக்குப் போட்டார்கள். என்னை எடைக்குப் போட முடியாததால் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது விருதுநகரில், வீட்டு முன்னறையில், ஒரு மேஜையும், பிலிமை இருட்டில் எடுக்க ஒரு கறுப்புப் பையும் வைத்துக்கொண்டு பிழைக்கிறேன்.

சாயங்காலம் சீனிச்சாமி மச்சான் வந்தார். என் மனைவி சுகிர்தாவின் அண்ணன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேனேஜர். புது வருஷக் காலண்டரைச் சுருட்டிப் பட்டாசுத் திரியால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அவிழ்த்த திரியை இழுப்பறையில் போட்டேன். "அதையுமா?" என்றாள் சுகிர்தா. நம் பக்கத்தில் கயிறு தேடினால் கிடைக்காது, திரி தேடாமலே கிடைக்கும்.

ஜனவரி 20

புது ஆள். பெயர் தனுஷ்கோடி, மச்சான் கம்பெனியிலேயே போர்மேன். முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் மினுங்குகிறது. பேட்டரியே இல்லாத ரஷ்யக் கேமரா ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"உள்ள போன் கொண்டு போனா வேலைய விட்டுத் தூக்கிருவாக அண்ணாச்சி. இதுல பேட்டரியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கேட்டுல சோதிக்கிறவரு திருப்பித் திருப்பிப் பாத்துட்டுப் போய்த் தொலைன்னுட்டாக."

வேலை செய்கிற பெண்களை டீ நேரத்தில் படமெடுத்து ஆளுக்கொன்று கொடுப்பாராம். ரோல் முடிந்த அன்றைக்கே கழுவ மெட்ராசுக்கு அனுப்பிவிடுவாராம், பொறுமை கிடையாதாம். போன தீபாவளிச் சீசனில் எடுத்த படங்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் இடது ஓரம் நெடுக, மேலிருந்து கீழ் வரை, நாலு விரல்கடை அகலத்துக்கு வெள்ளைப் பட்டை.

நெகட்டிவை வாங்கிப் பார்த்தேன். பட்டை படத்தின் சட்டத்தைத் தாண்டி பிலிம் ஓரத்து ஓட்டைகள் வரை போகிறது. லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சம் சட்டத்தைத் தாண்டாது. தாண்டினால் உடம்பில்தான் கசிவு. உள்ளே படம் தலைகீழாக விழுவதால் படத்தின் இடது, கேமராவின் வலது. வலது பக்கம் பின்மூடியின் கீல். ஆக, கீல் பக்கத்தில் வெளிச்சத்தை அடைக்கிற சீல் போய்விட்டது.

இரண்டாவது குறை, சூரியன் எதிரே இருந்தால் படம் பால் ஊற்றியது மாதிரி வெளுத்து, அறுகோணப் பொட்டுகள் வரிசையாக விழுகின்றன. இது லென்ஸுக்கு உள்ளே படிந்த மங்கல். கழற்றித் துடைக்க வேண்டும்.

பட்டை விழுந்த படம் ஒன்றை வாங்கிச் சுவரில் குத்தி வைத்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான கீல் கசிவு லேசில் கிடைக்காது.

ஜனவரி 25

ரஷ்யக் கேமரா முடிந்தது. பின்மூடி உட்காருகிற மேல் பள்ளம், கீழ்ப் பள்ளம் இரண்டுக்கும் கறுப்புக் கம்பளி நூல். கீல் பக்கம் வரும்போது நூல் தீர்ந்துவிட்டது. மதுரைக்குச் சொன்னால் மூன்று நாள் ஆகும். தனுஷ்கோடி நாளைக்கு வந்து நிற்பார். இழுப்பறையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றினேன். கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது. வெயில் சோதனை போடவில்லை, மேகமூட்டம். லென்ஸையும் திறக்கவில்லை. சூரியனைப் பார்த்து எடுக்காமல் இருந்தால் போதும்.

பில்லில் 'லைட் சீல் முழுவதும் புதிது' என்று எழுதினேன்.

ஜனவரி 26

தனுஷ்கோடி வாங்கிப் போனார். பத்து வருஷத்துக்கு ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே போகாது என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கேமராவுக்குப் போய்.

பிப்ரவரி 16

கண்ணாடி நம்பர் ஏறிவிட்டது. வேறொன்றும் இல்லை.

மார்ச் 12

பதினொன்றரைக்குச் சுகிர்தா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கம்பெனியில் வெடி. பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற அறை. அண்ணன் ஆபீசில் இருந்ததால் தப்பித்தார். அறையில் இருந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

மார்ச் 13

ஆறு பேர் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். தனுஷ்கோடி மதுரை ஆஸ்பத்திரியில், முக்கால்வாசி உடம்பு வெந்துபோய்.

மார்ச் 17

தனுஷ்கோடி போய்விட்டார். ஏழு.

என் மேஜைக்கு எதிரே அவர் உட்கார்ந்த நாற்காலியில் பவுடர் இன்னும் ஒட்டியிருக்கிறது. துடைக்கத் துணியை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

மார்ச் 29

தனுஷ்கோடி வீட்டம்மா வந்தார். கம்பெனிக் கேட்டுக்கு வெளியே நின்றிருந்த தனுஷ்கோடியின் பைக் பெட்டியில் கேமரா கிடந்ததாம். கேமராவுக்குள் பிலிம் இல்லை. ஆனால் கூடவே ஒரு டப்பாவில் எடுத்து முடித்த ரோல் ஒன்று. "கழுவிப் பாருங்க அண்ணாச்சி. அவுக மொகம் எதுலயாச்சும் இருக்கான்னு" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். படமெடுத்தவன் முகம் எப்படியம்மா இருக்கும்? இதை அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 2

ரோலைக் கழுவினேன். முப்பத்தாறில் முப்பத்தொன்று தேறியது. எல்லாம் பெண்கள். தலையில் துண்டு, புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, பவுடர் பூசிய கன்னம். சிரிக்கிறார்கள். இதில் எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள் என்று எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

இடது ஓரத்தில் வெள்ளை விழுந்திருக்கிறது. கீல் பக்கம். என் சீல் ஒழுகாது. அப்படியென்றால் இது ஜனவரிக்கு முன் எடுத்த ரோல்.

ஏப்ரல் 3

மல்லாங்கிணற்றிலிருந்து பஞ்சம்மாள் என்று ஓர் அம்மா. தனுஷ்கோடி வீட்டம்மா சொல்லி வந்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார்.

அவர் மகள் அழகுமீனா. இருபத்திரண்டு வயது, பி.காம். பத்திரகாளி என்கிற பெண் பிரசவத்துக்குப் போன இடத்தில், பிப்ரவரியிலிருந்து பத்திரகாளி பேரிலேயே வேலைக்குப் போயிருக்கிறாள். மார்ச் 12 காலையில் கம்பெனி வேனில் ஏறினாள். அப்புறம் இல்லை. கம்பெனி சொல்வது வேறு: அவள் போன தீபாவளிச் சீசனில் பத்து நாள் வேலை பார்த்தாள், நின்றுவிட்டாள், அன்றைக்கு வரவே இல்லை, எவன்கூடவோ போயிருப்பாள்.

"வேன்காரரு ஏத்துன ஞாபகம் இல்லேங்காக. பத்திரகாளி கைப்பிள்ளைக்காரி, அவ வாயத் தெறக்க மாட்டேங்கா. ஏறுனத ஊரே பாத்துச்சு அண்ணாச்சி. எழுதிக் குடுக்கத்தான் ஆளில்ல, எல்லாரு வீட்லயும் அங்கனதான வேலைக்குப் போறாக."

ஆறு உடல்களை ஆறு வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. அது போக மிச்சம் இருந்ததைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அது யாருடையது என்று தெரிய பஞ்சம்மாளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் போதும். 'இந்த வருஷமும் அவள் அங்கே வேலை பார்த்தாள் என்று ஏதாவது காட்டு, எடுக்கிறோம்' என்கிறார்களாம் அதிகாரிகள்.

படங்களைக் கொடியில் தொங்கவிட்டிருந்தேன். பதினான்காவது படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். மருந்து செலுத்துகிற அறையின் வாசல். மூன்று பெண்கள், டீ டம்ளர். இடது ஓரத்தில் இருப்பவள் டம்ளரைக் கேமராவுக்கு நீட்டிச் சிரிக்கிறாள். அந்த அம்மா அழவில்லை. விரலால் தொடப் போனார், ஈரம் என்று தடுத்தேன்.

"இந்தச் சட்ட மாசி மாசம் சந்தையில வாங்குனது. நாந்தான் வாங்கிக் குடுத்தேன். பவுடரு பட்டா தொவச்சாலும் போகாதேன்னு மட்டமா ஒண்ணு."

நான் சொன்னேன், இல்லையம்மா, இந்த வெள்ளை இருக்கிறதே, இது ஜனவரியில் நான் சரிசெய்வதற்கு முன்னால் விழுந்தது, இது போன சீசன் படம். அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "நீங்க படிச்சவுக" என்றார்.

ஏப்ரல் 6

பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வோர் அறையின் வாசலிலும் எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து, என்ன தேதி என்று சாக்பீஸில் எழுதிய போர்டு தொங்கும். பதினான்காவது படத்திலும் தொங்குகிறது. தேதி எழுதுகிற மூலையில் சரியாக வெளிச்சச் சிதறல், அறுகோணம் ஏழு. பெரிதாக்கிப் பார்த்தேன், பால்தான் தெரிகிறது. அன்றைக்கு லென்ஸைக் கழற்றித் துடைத்திருந்தால் தேதி தெரிந்திருக்கும்.

சூரியன் எந்த உயரத்தில் என்று பொட்டுகளின் வரிசையிலிருந்து கணக்குப் போட்டேன். காலை பத்து மணி சுமார். ஆனால் மாசிக் கடைசி வெயிலும் புரட்டாசி வெயிலும் வானத்தில் ஒரே பாதையில்தான் போகும். கணக்கு எனக்கு உதவவில்லை.

ஏப்ரல் 9

விசாரணைக்குப் பஞ்சம்மாளுடன் போனேன். அதிகாரி, கம்பெனி வக்கீல், ஓரமாகச் சீனிச்சாமி மச்சான். படத்தைப் பார்த்ததும் வக்கீல் முகம் சுண்டிவிட்டது. பிறகு என்னிடம் திரும்பி, "சார், நீங்க இந்தத் துறையில அனுபவசாலி. இந்தப் படம் எப்ப எடுத்ததுன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

சொன்னேன். கீல், கசிவு, ஓட்டை விளிம்பு, எல்லாவற்றையும் வகுப்பு எடுக்கிற மாதிரி சொன்னேன். ஜனவரி 25 அன்று சீல் முழுவதையும் நானே மாற்றினேன், நான் மாற்றிய சீல் பத்து வருஷம் ஒழுகாது, ஆகவே இந்த ரோல் அதற்கு முந்தியது. அதிகாரி எழுதிக்கொண்டார். எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். அச்சகத்தை விட்டு வந்தபின் என் பேச்சை இப்படி யாரும் கேட்டதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வாசலில் பஞ்சம்மாள், "நீங்க நல்லாத்தான் சொன்னீக அண்ணாச்சி. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல" என்றார். பஸ் ஏற்றிவிட்டேன்.

ஏப்ரல் 10

ஒரு விஷயம் உறுத்துகிறது. ரோல் முடிந்த அன்றைக்கே அனுப்பிவிடுவேன் என்றார் தனுஷ்கோடி. போன சீசனில் முடிந்த ரோலை மார்ச் வரைக்கும் பைக் பெட்டியில் எதற்காக வைத்திருந்தார்?

ஏப்ரல் 11

கேமராவைத் திறந்தேன். படம் மட்டும் அவர்களிடம் இருக்கிறது. நெகட்டிவும் கேமராவும் எதற்கு என்று திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

மேல் பள்ளத்தில் கம்பளி நூல் அப்படியே இருக்கிறது. கீழேயும் இருக்கிறது. கீல் பக்கம் மேல்பாதியில் மட்டும் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழ்ப்பாதி காலி. ஊசியால் நோண்டினேன். வெள்ளைத் தாளில் கறுப்புக் குருணையாக உதிர்ந்தது.

ஜனவரி 25ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன். 'இழுப்பறையில் இருந்ததை வைத்து.' இருந்ததை! ஏன்டா, இருந்தது என்னவென்று உனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் அப்படி எழுதினேன். காலண்டர் சுற்றி வந்த திரி. கறுப்பாக இருந்தது, பள்ளத்துக்கு அளவாக இருந்தது, மேலே பூசிய மருந்தைக் கொஞ்சம் வழித்துவிட்டு அமுக்கினேன். வெளியூர்க்காரன் எவனும் கேமராவுக்குள் திரி வைக்க மாட்டான். நமக்கு அது ஒரு நூல். கட்டுவோம், கோப்போம், ஒட்டடைக் கம்பில் சுற்றுவோம். அதைப் பட்டாசுக் கம்பெனிக்குள் போகிற கேமராவில் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

குருணையைத் தாளோடு மடித்து வைத்தேன்.

ஏப்ரல் 12

சுவரில் குத்தியிருக்கிற பழைய படத்தையும் பதினான்காவது படத்தின் இன்னொரு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையதில் பட்டை அகலம், மேலிருந்து கீழ் வரை. புதியதில் கட்டைவிரல் அகலம், மேல்பாதியில் மட்டும், அழகுமீனாவின் நெற்றி ஓரத்தைத் தொட்டு நிற்கிறது. கேமராவில் திரி உதிர்ந்த இடம் கீழ்ப்பாதி. தலைகீழாக விழுந்தால் படத்தில் மேல்பாதி. போதாததற்கு ரோல் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், தூசி என்று நினைத்திருந்தேன். மருந்துக் குருணை பிலிமில் உட்கார்ந்து வெளிச்சத்தை மறைத்திருக்கிறது.

ஆக, என் திரி உள்ளே இருந்தபோது எடுத்த படம். ஜனவரி 26க்குப் பிறகு. அந்த அம்மா சொன்ன மாசி மாசம்தான்.

எல்லாருக்கும் முன்னால் வைத்து அவரைப் பொய்யாக்கிவிட்டேன். அவர் மகளையும்தான். நானெல்லாம் ஒரு மனுஷன்!

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். சீனிச்சாமி மச்சான் சாத்தூர்ச் சேவு ஒரு கிலோவுடன் வந்தார். "முதலாளி ரொம்ப சந்தோசப்பட்டாக மாப்ள. உள்ளத உள்ளபடி சொன்னீக." கேமராவைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னார், தனுஷ்கோடி வீட்டில் தானே சேர்த்துவிடுவாராம்.

வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன், திரி, புள்ளி, எல்லாம்.

சேவுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த சுகிர்தாவின் கை நின்றுவிட்டது. மச்சான் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "மாப்ள, திரின்னு ஒரு வார்த்த வெளிய வந்துச்சுன்னா அம்புட்டும் ஒங்க தலையிலதான் விடியும். கேமராவுல இருந்து மருந்து உதுந்துச்சு, அதான் வெடிச்சுச்சுன்னு வக்கீலு ஒரே நாள்ல முடிச்சிருவாரு. ஏழு உசுரு. ஆயுசுக்கும் உள்ளதான் இருக்கணும்."

கேமரா கேட்டுக்கு வெளியே பைக் பெட்டியில்தானே இருந்தது என்றேன்.

"அன்னைக்குக் காலைல தனுஷ்கோடி அத உள்ள கொண்டு போகலன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கேமராவை மட்டும் நான் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 15

மத்தியானம் சோறு போடும்போது சுகிர்தா, "அந்தப் பிள்ள செத்துப் போச்சு. நீங்க உள்ள போனா திரும்பியா வரப் போகுது?" என்றாள். வராது என்றேன். அப்புறம் அவளே, "எங்கண்ணன் பயந்தவர்தான். பொல்லாதவர் இல்ல" என்றாள். அதுவும் உண்மைதான்.

ஏப்ரல் 22

போகவில்லை.

ஏப்ரல் 27

இன்றும் அதிகாரியிடம் போகவில்லை. திருச்சியிலிருந்து ஒரு கேமரா வந்தது, கசிவு. பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. வெறும் பயம்.

மே 5

பஞ்சம்மாள் வந்தார். என்னைக் கேள்வி கேட்க வரவில்லை. மகள் படம் ஒரு பிரதி வேண்டுமாம், வீட்டில் இருப்பது பத்தாம் வகுப்பில் எடுத்த படமாம். போன மாதத்துக்கு இப்போது பாதியாக இளைத்திருக்கிறார்.

"பழைய படம்னாலும் பரவால்ல, எம்பிள்ளதான. ஊருக்குள்ள ஓடிப்போனவன்னு பேராயிருச்சு அண்ணாச்சி. கருமாதி பண்ணலாம்னா, செத்துட்டான்னு சொல்ல ஆளில்ல. உசுரோட இருக்கான்னு நெனைக்கலாம்னா, எனக்குத் தெரியும் அவ இல்லேன்னு. நடுவுல நிக்கேன்."

பழைய படம் இல்லையம்மா என்று சொல்ல வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன். நாளைக்குப் போட்டுத் தருகிறேன் என்று அனுப்பினேன். தெருமுனை வரைக்கும் அவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மே 8

ஜனவரியில் போடாத வெயில் சோதனையை இன்று போட்டேன். மிச்சப் பிலிமை ரஷ்யக் கேமராவில் ஏற்றி, கீல் பக்கத்தை வெயிலுக்குக் காட்டி ஒரு நிமிஷம். கழுவினேன். படமாகப் போட்டால் கட்டைவிரல் அகலம், மேல்பாதி. பதினான்காவது படத்தின் மேல் வைத்தால் அச்சு அசலாகப் பொருந்துகிறது. புள்ளிகளும் அதே மாதிரி விழுந்திருக்கின்றன.

ஐந்து நிமிஷ வேலை. இதை ஜனவரியில் செய்திருந்தால்?

சுகிர்தாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே போனாள். இஸ்திரிப் பெட்டி சத்தம் கேட்டது. என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எப்பப் போறீக?" என்றாள்.

மே 12

போய்ச் சொன்னேன். பழைய படம், புதிய படம், சோதனைத் துண்டு, கேமரா, தாளில் மடித்த குருணை. திரி என்ற வார்த்தையை நானே சொன்னேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்களே" என்றார். அன்றைக்குச் சொன்னது பெருமைக்குச் சொன்னது என்றேன்.

பஞ்சம்மாளையும் வரச் சொல்லியிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஒங்க திரிதானா அண்ணாச்சி?"

இல்லையம்மா, கேமரா வெளியே பைக்கில் இருந்தது, அந்த அறையில் கிலோக் கணக்கில் மருந்து இருந்தது என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததை முடிக்க முடியவில்லை. சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் செய்ய முடியாது என்று எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து போய்விட்டார்.

இந்த நோட்டையும் கேட்கிறார்கள், ஜனவரி 25 பக்கத்துக்காக. நாளைக் காலையில் கொடுக்க வேண்டும். எழுதியதை எல்லாம் ஒருமுறை படித்துப் பார்த்தேன். எதையும் கிழிக்கவில்லை.

ஆகஸ்ட் 18

புது நோட்டு. பழையது கோர்ட்டில் இருக்கிறது.

பதினெட்டு நாள் உள்ளே இருந்தேன், இப்போது ஜாமீன். வெடிபொருளை அஜாக்கிரதையாகக் கையாண்டதாக வழக்கு. கம்பெனி வக்கீல், மச்சான் சொன்னபடியே, வெடித்ததற்குக் காரணம் கேமராவிலிருந்து உதிர்ந்த மருந்துதான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நிபுணர் அறிக்கை இன்னும் வரவில்லை. மச்சானை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். தங்கச்சி வீட்டுக்கு இப்போது அவர் வருவதில்லை. சுகிர்தா அண்ணன் கொடுத்த காலண்டரைக் கழற்றிவிட்டாள்.

மே கடைசியில் பஞ்சம்மாளின் ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 30

பொருந்திவிட்டது. வெம்பக்கோட்டை வெடியில் இறந்தவர்கள் எட்டு என்று பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. அழகுமீனா பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

செப்டம்பர் 2

பெங்களூர்ப் பையன் இன்னொரு கேமரா அனுப்பியிருக்கிறான். அவனுக்கு விஷயம் எதுவும் தெரியாது போல. கீல் பக்கம், கறுப்புக் கம்பளி நூல், நாலரை சென்டிமீட்டர். வெயில் சோதனை போட்டேன், இரண்டு முறை. கசிவு இல்லை.

செப்டம்பர் 9

மே மாதம் தருகிறேன் என்று சொன்ன படத்தை எடுத்துக்கொண்டு மல்லாங்கிணறு போனேன். மூன்று நாள் உட்கார்ந்து போட்ட பிரிண்ட். நெற்றி ஓரத்து வெள்ளைக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்து மங்கவைத்து, மிச்சத்தைத் தூரிகையால் மறைத்து, புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து. முகம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அச்சகத்து நாட்களிலும் சேர்த்து, என் கையால் ஆன நல்ல வேலை அதுதான்.

பஞ்சம்மாள் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. எதிர்பார்த்துத்தான் போனேன். ஆனாலும் வலித்தது.

படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"கோடு எங்க?"

எடுத்துவிட்டேன் அம்மா, முகம் நன்றாகத் தெரியட்டும் என்று.

"அது இருந்ததாலதான எம்மக அங்கன இருந்தான்னு நம்புனாக. அதையும் எடுத்துப்புட்டீகளா?" படத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "எனக்குக் கோடு இருக்கதுதான் வேணும்."

செப்டம்பர் 10

காலையிலேயே போட்டுவிட்டேன், எதையும் தொடாமல், இருப்பது இருக்கிறபடி. ஈரம் காய்ந்ததும் சுகிர்தா கொண்டுபோய்க் கொடுத்து வந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்களாம்.